ஓர்வினின் கையில் இரண்டு பட்டை

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து போனைக் குத்திக்கொண்டே வரும் பில்கிஸைப் பார்த்தால், சொந்தக்காரர்களோடு ஏதோ கல்யாண விஷயம் பேசுகிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவள் பேசுவது ஒரு விண்கப்பல் கேப்டனைப் பற்றி. அந்தக் கேப்டன் இன்னும் பிறக்கவில்லை, பிறக்கப்போவதும் இல்லை. எந்த நாட்டுக்காரனோ எடுத்து, இங்கே தமிழ் பேச வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்ட ‘எட்டாம் விண்படை’ தொடரின் கேப்டன் ஓர்வின். பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டு டிவியில் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது வயது முப்பத்தாறு. புருஷன் ஆபித் பாஷா லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில். அவரைவிட ஓர்வினோடுதான் இவள் ஜாஸ்தி குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று நாத்தனார் குத்திக்காட்டுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

‘விண்படைத் தோழர்கள்’ என்று போனில் ஒரு குழு. முந்நூற்று நாற்பது பேர். அங்கே இவள் பெயர் ‘டெசாரா’. எல்லோரும் ஆண் என்று நினைத்து ‘ப்ரோ’ போட்டுப் பேசினார்கள், இவளும் திருத்தவில்லை. பெண் என்று தெரிந்துவிட்டால் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் நிம்மதியாகச் சண்டை போட முடியாது.

சண்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நாற்பத்தொன்றாம் பாகத்தில், ஓர்வின் வாலிபனாக டெசாரா என்ற பழைய கப்பலில் வேலை பார்த்த காலத்தைக் காட்டுவார்கள். கீழ்த்தளத்தில் தீப்பிடிக்கிறது. கதவை மூடச் சொல்லி உத்தரவு வருகிறது. ஓர்வின் மூடுகிறான். உள்ளே நாலு பேர். அப்போது அவன் சட்டைக் கையில் இரண்டு வெள்ளிப் பட்டை தெளிவாகத் தெரியும். இரண்டு பட்டை என்றால் லெப்டினன்ட், அதிகாரி. ஆனால் தொண்ணூற்றேழாம் பாகத்தில் அவனே சொல்கிறான், “டெசாராவில் நான் வெறும் கேடட். மூடச் சொன்னார்கள், மூடினேன்.” அப்படியானால் அந்தப் பட்டை எங்கிருந்து வந்தது? லெப்டினன்ட் என்றால் அந்த நாலு உயிருக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். பயிற்சியில் இருக்கும் கேடட் என்றால் வேண்டாம். எட்டு வருஷமாக இதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

பில்கிஸுக்கு நேர் எதிர்க்கட்சி ஜோலார்பேட்டை மதியழகன். ரயில்வே ஆபீசில் ஊழியர்களின் பணிப் பதிவேட்டைப் பார்க்கிறவர். “ஆர்டர் போட்ட தேதிதான் பதவி ப்ரோ. சட்டைய எவன் வேணா மாட்டிக்கலாம்” என்பார்.

“மாட்டினா மாட்டினதுதான்” என்று இவள் திருப்பி அடிப்பாள். “கையில பட்டை இருக்குது. பதில் சொல்ல பயந்துகினு கேடட்னு புளுகுறான். கோழை.” அந்தக் கடைசி வார்த்தையை எழுதும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு திருப்தி.

இவ்வளவு பேசுகிறவள் தொழிற்சாலையில் யார் என்று கேட்டால், தையல் லைனில் ஆபரேட்டர். பதினொரு வருஷமாக ஆபரேட்டர். ஆபரேட்டருக்கு நீலக் கோட்டு, சூப்பர்வைசருக்குச் சிவப்பு. காலணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஆடிட்டு என்று சோதனைக்கு வருவார்கள். முப்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கம்பெனியில் இருந்ததோ அதில் பாதி. அதனால் ஆடிட்டு அன்றைக்குக் காலையில் ஆபீஸ் பீரோவிலிருந்து சிவப்புக் கோட்டுகள் வெளியே வரும், பத்து ஆபரேட்டர்கள் சூப்பர்வைசராகிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், சாயங்காலம் கோட்டை மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கேட்ட கேள்விக்குத் திக்காமல் பதில் சொல்கிறவள் என்று முதல் கோட்டு எப்போதும் பில்கிஸுக்கு. அந்தக் கோட்டோடு பஸ் ஏறாத குறை. அப்படிப்பட்டவளுக்கு, ஓர்வினின் பட்டை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நாளாவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆடிட்டு. காலையில் எல்லா மெஷின்களுக்கும் பாதுகாப்பு மூடி மாட்டியிருந்தார்கள். மூடி இருந்தால் கை மெதுவாகத்தான் ஓடும். வந்தவர்கள் மாடியில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் லைனுக்கு வந்தார். “மூடிய கழட்டுங்க, பீஸ் கம்மியா இருக்குது” என்றார். பில்கிஸ் சிவப்புக் கோட்டில் நாலடி தள்ளி நின்றிருந்தாள். காதில் விழுந்தது. நூல்கண்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். இருபது நிமிஷத்தில், ஷூவுக்குக் கயிறு கோக்கும் ஓட்டை போடுகிற மெஷின் அதே லைனில் வேலை பார்த்த தமிழினியின் வலது ஆள்காட்டி விரல் நுனியை எடுத்துக்கொண்டது. தமிழினிக்கு இருபத்தொரு வயது.

பில்கிஸுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போனாள், சோறு வடித்தாள், சாப்பிட்டாள். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பஞ்சு அடைத்த காதோடு நடமாடுவது போல இருந்தது.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து இன்பராஜ் கூப்பிட்டார். ஆட்கள் விவகாரம் பார்க்கிறவர், கெட்ட மனுஷர் இல்லை. ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இத பாரும்மா. சூப்பர்வைசர் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடு. ரெண்டு மாசம் வீட்ல இரு. அப்புறம் வேற யூனிட்ல எடுத்துக்கறோம்.”

“நான் ஆபரேட்டர் சார்.”

“அன்னைக்கு காலைல சூப்பர்வைசர்னு கையெழுத்து போட்டிருக்கியே. அது பொய்னு சொன்னா ஆர்டர் போய்டும். அறுநூறு பேரு நடுத்தெருவுல நிப்பாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லு.”

ஆபரேட்டர் என்றே எழுதுவது என்று வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள். நான் வெறும் ஆபரேட்டர். கழட்டச் சொன்னார்கள், கழட்டினார்கள். மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தமிழினியைப் பார்க்க அவள் கிராமத்துக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தமிழினி சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் அம்மா கண்ணம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“வலி எப்படிம்மா இருக்குது?”

“இப்ப கம்மிக்கா.” பிறகு தமிழினியே சொன்னாள். “அந்தாளு கழட்ட சொன்னப்ப உங்களத்தான் பாத்தேன்க்கா. வேணாம்னு சொல்லுவீங்கன்னு.”

“நான் சூப்பர்வைசர் இல்லன்னு உனக்கே தெரியும் இல்ல?”

“தெரியும்க்கா. மத்த நாள்ல நீங்க சொன்னா யாரு கேப்பாங்க? அன்னைக்கு பையர் ஆளுங்க மாடியிலதான இருந்தாங்க. சிவப்பு கோட்டுல நின்னுகினு நீங்க ஒரு வார்த்த சத்தமா சொல்லிருந்தா, மேனேஜர் கம்முனு போயிருப்பாரு.”

குரலில் கோபம் இல்லை. பில்கிஸ் டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை இன்பராஜ் முன்னால் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். பதவி என்ற இடத்தில் ‘ஆபரேட்டர்’ என்று எழுதினாள். கீழே எழுதினாள்: ‘ஆடிட்டுக்காக எனக்குச் சூப்பர்வைசர் கோட்டு கொடுத்தார்கள். மேனேஜர் மூடியைக் கழட்டச் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை.’ கையெழுத்துப் போட்டாள்.

இன்பராஜ் இரண்டு தடவை படித்தார்.

“இன்னாம்மா இது? கம்பெனிக்கும் உதவாது, உனக்கும் உதவாது.”

“நடந்தது இதான் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “திங்கக்கிழமை வராத. நானே கூப்புடுறேன்.” கூப்பிட மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பதினொரு வருஷம் போட்ட நீலக் கோட்டை மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

கம்பெனி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள். குழுவில் அதே சண்டை. யாரோ நாற்பத்தொன்றாம் பாகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கதவு, ஓர்வின், கையில் இரண்டு பட்டை. பில்கிஸ் எழுதினாள்.

“அவன் கேடட்தான். அன்னைக்கு மேலிடத்துல இருந்து கப்பல பாக்க ஆளு வந்திருந்தாங்க. கணக்கு காட்ட லெப்டினன்ட் சட்டைய மாட்டி விட்டாங்க. ஆனா அந்த சட்டையில நின்னுகினு மூடாதீங்கன்னு சொல்லிருந்தா, அன்னைக்கு ஒரு நாளு அவன் பேச்ச கேட்டிருப்பாங்க. அவன் சொல்லல.”

உடனே மதியழகன் வந்தார். “எட்டு வருஷம் சண்ட போட்டுட்டு இன்னைக்கு எங்க கட்சிக்கு வர்றீங்களா ப்ரோ? மேலிடத்து ஆளு வந்ததா எந்த பாகத்துலயும் இல்லியே. உங்களுக்கு யாரு சொன்னது?”

பஸ் நகர்ந்தது. பில்கிஸ் பதில் எழுதி அனுப்பினாள்.

“யாரும் சொல்லல. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்.”

முந்நூற்று நாற்பது பேரில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டார்கள். அவள் இறங்கும் இடம் வரைக்கும் அவை வந்துகொண்டே இருந்தன.