வாப்பாவின் காரில் சீட்டு என்ன நிறம்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. நீளம் என் கையால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வந்து திரும்புவதே பெரும்பாடு. அந்தத் தெருவில் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையதுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நிஜக் கார் வாப்பாவிடம் இருந்தது. வாப்பா சவுதியில் டிரைவர். நான் கைப்பிள்ளையாக இருக்கும்போது போனவர். நடுவில் ஒரு தடவை வந்து போனாராம், எனக்கு ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்த வாப்பா, பீரோ கண்ணாடியில் செருகியிருந்த போட்டோவில் நின்றவர்தான். பெரிய வெள்ளைக் கார், கூரையில் சாமான் கட்டுகிற கம்பி, வெயிலில் மின்னுகிற பம்பர். நீலச் சட்டை, அதே நீலத்தில் பேண்ட் போட்டுக்கொண்டு, பானெட்டில் ஒரு கையை வைத்து வாப்பா நிற்பார். சொந்த ஆட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும் அந்தக் கை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி வீட்டுக்குப் போன் வரும். எனக்குப் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் பதற்றம். பேசுவதற்குள் லைன் போய்விடுமோ, வாப்பாவுக்கு என் குரல் மறந்திருக்குமோ என்று காலையிலேயே மாமி வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வேன். அதனால் போனை வாங்கியதும் ஸலாம்கூடச் சொல்லாமல் கேட்பேன்.

"எப்ப வாப்பா வருவீங்க?"

"வண்டிய யார்ட்டம்மா விட்டுட்டு வர?"

ஒவ்வொரு தடவையும் இதேதான் பதில். வாப்பா வராததற்குக் காரணம் அந்தக் கார் என்று எனக்கு அப்படித்தான் உறுதியானது. உம்மாமேல் எனக்கு வருத்தமில்லை, அந்த ஊர்மேல் வருத்தமில்லை, கார்மேல்தான் ஆத்திரம். பிறகு ஒரு யோசனையும் வந்தது. அதே கார் இங்கே இருந்துவிட்டால் அங்கே அவருக்கு என்ன வேலை?

இதை மாமாவிடம் சொன்னேன். உம்மாவின் தம்பி. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது.

"ஏட்டி, நெசக் கார் செய்யணும்னா ஒன் மாமன் கிழவனாயிருவேன். சின்னதாச் செய்வோம். ஆனா ஒரு பொட்டு மாறாமச் செய்வோம்."

பெருநாள் கடையில் எனக்கு வாங்கித் தந்திருந்த சிவப்புப் போலீஸ் ஜீப் ஒன்று கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடும். மாமா அதைக் கவிழ்த்துப்போட்டு, திருகாணிகளைக் கழற்றி, கோழி உரித்த மாதிரி தனித்தனியாகப் பிரித்துவிட்டார். நான் அழப் பார்த்தேன். திருகாணி ஒன்று தொலைந்தாலும் வாப்பா வரமாட்டார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதனால் எல்லாவற்றையும் ஒரு மருந்துக் குப்பியில் போட்டு நானே வைத்துக்கொண்டேன். மதரஸாவில் ஓதும்போதுகூட அந்தக் குப்பி மடியில் இருந்தது.

மேலே இருந்த போலீஸ் விளக்கை மாமா அறுத்து எடுத்தார். ஓட்டை விழுந்த இடத்தில், பட்டறையில் நசுங்கின காருக்குப் பூசுவார்களே அந்தப் பட்டியைப் பூசி அடைத்தார். காய்ந்ததும் தண்ணீரில் முக்கி முக்கி உப்புத்தாளால் தேய்த்தார். தேய்ப்பதை என்னிடமும் தருவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவச் சொல்வார். "விரல்ல ஏதும் தட்டுனா இன்னும் தேய்க்கணும். கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது."

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். ஈரப் பெயிண்டில் ஒரு தூசி விழுந்தால் முடிந்தது கதை. மாமா அடுக்களைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தரையைக் கழுவிவிட்டு, வாசலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தார். பட்டறையில் யாரோ ஒரு முதலாளியின் காருக்குக் கலக்கி மிஞ்சிய வெள்ளை. சும்மா வெள்ளை இல்லை, சாய்த்துப் பார்த்தால் சிப்பிக்குள் தெரிகிற மினுமினுப்பு வரும். தின்னர் நாற்றம் வீடு முழுக்க ஏறியது.

"ஏலே, பட்டறையில நாள் பூரா அடிக்கது போதாதா? சோறு பூரா பெயிண்ட் வாட," என்றாள் உம்மா.

"ராத்தா, ஒன் மாப்பிள்ள வண்டியாக்கும் இது. மருவாதியாப் பேசு."

உம்மா சிரிக்கவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பின் விளக்குக்குச் சிவப்பு நகப்பாலிஷ். பம்பருக்கு வெள்ளித்தாள். மாமாவிடம் அந்த வெள்ளித்தாள் எப்போதும் எப்படி இருக்கிறது, அது எந்தச் சிகரெட் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கூரைக் கம்பிக்குக் குடைக் கம்பியை அறுத்தார். நம்பர் பிளேட்டில் அரபி எண்களை ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் எழுதினார். போட்டோவில் பாதி எண்ணை வாப்பாவின் கால் மறைத்திருந்தது. தெரிந்த பாதியை மட்டும் எழுதிவிட்டு மறைந்த பாதியைச் சும்மா விட்டார். "தெரியாததை எழுதப்படாது," என்றார். கார் எங்கே நின்றாலும் அந்த இடத்தில் வாப்பா நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

எனக்கு ஓட்டுகிற ஆளும் வேண்டும். பட்டியில் மிஞ்சியதை உருட்டி ஒரு வாப்பா செய்தேன். மார்க்கத்தில் உருவம் செய்யக் கூடாது என்று உம்மா சத்தம் போட்டதால் கண்ணும் மூக்கும் வைக்கவில்லை. உருண்டைத் தலை, நீலச் சட்டை, ஸ்டியரிங்கைப் பிடிக்க இரண்டு கை. அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது சீட்டு. சீட்டு என்ன நிறம்? போட்டோவில் கார்க் கண்ணாடி முழுக்க வானமும், படம் எடுத்த ஆளின் நிழலும்தான் தெரிந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"அதுக்கென்ன, ஓட்டுத ஆள்ட்டயே கேட்ருவோம்," என்றார் மாமா.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவும் என்னோடு வந்து நின்றார். நான் போனை வாங்கினேன்.

"வாப்பா, மாமா ஒங்க காரச் சின்னதாச் செய்யுதாங்க. உள்ள சீட்டு என்ன கலரு?"

"சீட்டா?"

இரைச்சலுக்கு நடுவில் அதையே இரண்டு தடவை கேட்டார். லைன் போய்விடும் என்றே பயந்துவிட்டேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? இங்கத்த வெயிலுக்குக் கண்ணாடி கறுப்பாத்தான் இருக்கும். கண்ணாடியக் கறுப்பா அடிச்சிரச் சொல்லு மாமாவ."

"போட்டோவுல கறுப்பா இல்லயே?"

"கார்டு முடியப் போவுதும்மா. உம்மாட்ட குடு."

மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு மாறக்கூடாது என்று சொன்ன மனிதர், வீட்டுக்கு வந்ததும் கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

"கறுப்படிச்சா உள்ள வாப்பா தெரியாதே மாமா!"

"உள்ள இருக்காருல்லா? நமக்குத் தெரியும்லா? போதும்ட்டி."

சீட்டுக்கு நிறமே அடிக்காமல், பழைய சாம்பல் பிளாஸ்டிக்கோடு, முகமில்லாத வாப்பாவை உள்ளே உட்காரவைத்துத் திருகாணியை முடுக்கினார். கடைசியில் பழைய பனியன் துணியில் பாலிஷ் போட்டு, கை வலிக்க வலிக்க இரண்டு பேரும் தேய்த்தோம். பானெட்டில் என் மூக்கு அகலமாகத் தெரிந்தது.

வாப்பா நோன்புப் பெருநாளுக்கு வந்தார். நல்ல மழை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வந்த வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வாப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். போட்டோவில் இருந்ததைவிடக் குட்டையாக இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமாதான் காரை என் கையில் திணித்துத் தள்ளிவிட்டார்.

வாப்பா காரை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு அதைச் சாய்த்து, சக்கரத்துக்கு மேலே வளைவின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, ஒட்டிய தூசியை என்னிடம் காட்டினார். "இங்கனதாம்மா அழுக்கு போய் உக்காரும். யாரும் பாக்க மாட்டாங்க."

கைக்குட்டையை நாலாக மடித்துத் துடைத்தார். முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, அப்புறம் பக்கவாட்டு. சக்கரத்துக்கு வேறு துணி கேட்டு வாங்கினார். ஊரில் இருந்த நாளெல்லாம் காலையில் சாயா குடித்ததும் இதுதான் வேலை. எங்க வாப்பா தன் காரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள் என்று பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவேன்.

பக்கத்து வீட்டு மாமியின் வீட்டுக்காரர் ஒரு பழைய வேன் வைத்திருந்தார். ஒரு நாள் அவர் சாவியை நீட்டினார்.

"என்ன வே, அங்கன பெரிய வண்டியா விரட்டுதீராமே. நம்ம வேனப் பேட்டை வரைக்கும் எடுத்துட்டுப் போயி வாருமே, பாப்போம்."

"அங்க ஸ்டியரிங் இடது கைப் பக்கம்லா அண்ணாச்சி. நமக்கு அதே பழகிப்போச்சு. இங்கன கை வராது."

"வேத்தூர்க்காரன் ஆயிட்டீரு வே," என்று அவர் சிரித்தார். எனக்கு ஒரே பெருமை. மாமா மட்டும், அங்கே உட்கார்ந்திருந்தவர், பைய எழுந்து வெளியே போனார்.

வாப்பா திரும்பிப் போகிற நாள் வந்தது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் நம்பவே முடியவில்லை. கார்தான் இங்கே இருக்கிறதே! அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"காரு இங்கன இருக்குல்லா வாப்பா? பெறவு எதுக்குப் போறீங்க?"

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றுவிட்டது. உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். வாப்பா என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சீட்டுக்குக் கலர் அடிக்கலயேம்மா. நான் போயி, பாத்துட்டுச் சொல்லுதேன்."

எனக்குச் சமாதானமாகிவிட்டது. நிறம் பார்க்கத்தான் போகிறார். பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துவிட்டு வந்துவிடுவார். எல்லாரும் அழுதபோது நான் அழவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஒரே கேள்விதான்.

"பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கலம்மா."

"கார் அங்கனதான நிக்கி?"

"நிக்கிம்மா."

"பெறவு என்ன?"

"பாக்கேன்."

இப்படியே போய், அடுத்த வருஷ நோன்பும் முடிந்து ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்பதற்கு முன்னால் வாப்பாவே சொன்னார். குரல் தணிந்திருந்தது, ஆனால் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"பழுப்பும்மா. பேரீச்சம்பழம் இருக்குல்லா, அந்தக் கலரு. தோல் சீட்டு. மெத்துன்னு இருக்கு. உக்காந்து பாத்தேன்."

நான் உம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "பேரீச்சம்பழக் கலராம்! வாப்பா உக்காந்து பாத்தாங்களாம்!"

உம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "யாரும் பாத்தாவளா? ஒண்ணும் சொல்லலயே?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அந்தப் பக்கம் வாப்பா என்ன சொன்னாரோ, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்து, இத்தனை நாளும் அந்தக் காரைத் தொடாதவள், கண்ணாடியில் இருந்த கறுப்பைத் தானே சுரண்டினாள். மாமா வந்ததும் காரை நீட்டினாள். "ஏலே, பேரீச்சம்பழக் கலராம். அடி."

மாமா திருகாணியைக் கழற்றினார்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, எனக்கு நிக்காஹும் முடிந்து, என் மாப்பிள்ளை கத்தாருக்குக் கிளம்பிய சமயத்தில்தான் உம்மா அதைச் சொன்னாள். டிரைவர் விசா, ஓட்ட அங்கேயே கற்றுத்தருவோம் என்று கூட்டிப்போய் வாப்பாவின் கையில் வாளியையும் துணியையும் கொடுத்தார்களாம். ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் வரிசையாக நிற்கிற கார்களைக் கழுவுகிற வேலை. கழுவுகிறவன் வெளியே மட்டும்தான் தொடலாம். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வாப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. உம்மாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும். மாமாவுக்குச் சீட்டு நிறம் கேட்ட அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது என் மாப்பிள்ளையும் போட்டோ அனுப்புகிறார். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், கார்கள். இதில் எது உங்களுடையது என்று நான் கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா, தலை வலிக்கிறதா என்று மட்டும் கேட்பேன். கார் பீரோவில்தான் இருக்கிறது. கண்ணாடியின் ஒரு மூலையில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கிறது. குனிந்து பார்த்தால், பேரீச்சம்பழ நிறச் சீட்டில் முகமில்லாமல் வாப்பா உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அன்றைக்கு, உம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு வாப்பாமேல் கோபம்தான் வந்தது. பக்கத்திலேயே நிற்கிற கார். கதவைத் திறந்து ஒரு நிறத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மனுஷருக்கு இவ்வளவு நாளா என்று மாமியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, பார்த்தாகிவிட்டது, இனி அடுத்த வெள்ளிக்கிழமை போன் வராது, வாப்பாவே வந்துவிடுவார் என்றும் சொன்னேன்.