மேம்பாலத்தில் இறங்கி நடந்தவன்

என் கைபேசிக்கு என்னைப் பற்றி என்ன தெரியுமோ, கொஞ்ச நாளாக ஒரே மாதிரி வீடியோக்களாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. 'பழைய காரா? கவலையே வேண்டாம், குறைந்த செலவில் இன்ஜின் பவரைக் கூட்டலாம்' என்று ஓர் இளைஞர் கையில் ஸ்பேனரோடு சிரிக்கிறார். என்னிடம் கார் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் ரிடையர்டு ஆசாமிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போகிற தூரத்துக்கு எந்த இன்ஜின் வேண்டும்? ஆனாலும் கடைசிவரை பார்த்தேன். பார்க்க வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அந்த இளைஞர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூரப் போட்டதும், "டேய், வேண்டாம்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வீடியோக்காரருக்கு அந்துருண்டை வைத்தியம் தெரியவில்லை. எங்கள் காலத்தில் அதுதான் தலையாய மருந்து. பெட்ரோல் டாங்கில் நாலைந்து அந்துருண்டையைப் போட்டுவிட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்று நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் நம்பினோம். போட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அந்த வாசனை ரொம்பப் பழக்கம். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தபோது, என் தகரப் பெட்டியில் அம்மா ஒரு கைப்பிடி அந்துருண்டை போட்டு அனுப்பியிருந்தாள். வேலை பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, காதோரம் நரைத்த பிறகும் என் சட்டையில் அதே வாசனைதான். முதலில் தங்கைகள் கல்யாணம் என்று என் கல்யாணம் தள்ளிப்போனது. அப்புறம் ஜாதகம் சரியில்லை என்று தள்ளிப்போனது. அப்புறம் அதைப் பற்றிக் கேட்கிற ஆளே இல்லாமல் போனது. இரண்டு அறை, சமையற்கட்டு, பின்பக்கம் ஒரு பலாமரம். குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் ஒற்றை ஆள் இருந்தால், குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்கும். தனிமை பழகிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் வீட்டில் நாலு பேரோடு இருந்தவர்கள். பலா பழுத்தால் எனக்கு நாலு சுளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன்.

பக்கத்து வீடு தனபாலுடையது. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். சுற்றுப்பக்கத்து ஊர்க்காரன், அப்பா நிலம் கொடுத்ததற்கு மகனுக்கு மைன்ஸில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மனைவி செல்வி. மீனா, சுதா என்று இரண்டு பெண் குழந்தைகள். செல்வி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், குழந்தைகள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் தனபால் கிழட்டுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பல கை மாறி வந்த, பாசி நிறக் கார். கதவைச் சாத்துவதற்கு ஒரு பலசாலி வேண்டும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் விழுகிற வாரங்களில் குடும்பத்தோடு கடலூர் கடற்கரைக்குப் போவதென்று முடிவானது. செல்வி வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களும் வாங்க. ஒண்டியா ஒக்காந்துகினு இன்னா பண்ணப்போறீங்க?"

நான் உடனே ஒத்துக்கொள்ளாமல் கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை காட்டினேன். ஆனால் காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத்தானே தெரியும்.

கடலூர் போகிற வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு மேம்பாலம். ஏதோ மலை என்று நினைத்துவிடாதீர்கள், சைக்கிள்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டே ஏறுகிற மேடுதான். பாதி ஏறியதும் கார் இருமியது, திணறியது, மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. தனபால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "ஒரு ஆளு எறங்கினா ஏறிடும்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சுதா செல்வியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மீனாவுக்கு ஐந்து வயது. தனபால்தான் ஓட்ட வேண்டும். நான் கதவைத் திறந்து இறங்கினேன். அந்த ஒரு ஆளுக்காகவே காத்திருந்ததுபோலக் கார் விறுவிறுவென்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பாலம் வருவதற்கு முன்பே என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விடும். "நீங்க இருங்கண்ணே, நான் எறங்குறேன்" என்பாள் செல்வி. "பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கம்மா நடப்ப, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு நான் இறங்குவேன். மேட்டில் நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது என்பதால், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திக் காத்திருப்பார்கள். போகும்போது ஒரு நடை, வரும்போது ஒரு நடை. உச்சிக்குப் போனால் நல்ல காற்று வரும். பின்னால் தூரத்தில் தெர்மல் மின்நிலையப் புகைபோக்கிகள், கீழே நெல்வயல், முன்னால் மரத்தடியில் பொம்மைபோலக் கார். அவர்கள் கோபித்துக்கொண்டோ, கேலி செய்தோ ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தக் காரில் யாராவது ஒருத்தர் அதிகம் என்றால் அது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. எனக்கும் இல்லை. உச்சியில் கொஞ்ச நேரம் நிற்பேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவேன்.

இறங்காமல் அந்தப் பாலத்தை ஒருதடவையாவது தாண்ட வேண்டும். நம்பினால் நம்புங்கள், அந்த வருஷம் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். "வண்டிய என்கிட்ட விடு தனபாலு, நான் இழுவை கூட்டித் தாரேன்" என்றேன். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

முதலில் எடைக் குறைப்பு. ஸ்டெப்னி, ஜாக்கி, பின்பக்கப் பம்பர் மூன்றையும் கழற்றி என் வீட்டுச் சமையற்கட்டில் வைத்தேன். எப்படியும் அங்கே காலி இடம்தான். பிளக்கைச் சுரண்டி, ஆக்ஸா பிளேடை நுழைத்து இடைவெளி பார்த்தேன். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் அளவு திருப்பினேன். சுதி சேர்க்கிற வித்வானைப் போல அதற்குக் காதைச் சாய்த்துக்கொண்டு வேறு நின்றேன். சைலென்சரை அறுத்து உள்ளே இருந்த தகடுகளை உருவி எடுத்து, மந்தாரக்குப்பத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் கார் பேசிய பேச்சு இருக்கிறதே, நாலு பிளாக் தாண்டிக் கேட்கும். அந்துருண்டையும் போட்டேன். கடைசியாக ஏர் ஃபில்டரைக் கழற்றி எடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யாரால் ஓட முடியும் என்பது என் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலம் வந்தது. என் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. கார் கத்திக்கொண்டே ஏறியது, ஏறியது, உச்சியைத் தொட்டு அந்தப் பக்கம் சரிந்தது. "பெரியப்பா எறங்கல, பெரியப்பா எறங்கல" என்று மீனா சீட்டில் குதித்தாள். "இன்னாண்ணே பண்ணீங்க? சும்மா இழுத்துகினு போவுது" என்றான் தனபால். வேப்பமரத்தை நிற்காமல் கடந்து போனோம். கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று சொல்லிச் சமாளித்தேன். கடற்கரையில் எல்லோருக்கும் என் செலவில் மிளகாய் பஜ்ஜி, சுண்டல்.

அடுத்த ஆஃபுக்கும் குளித்துத் தயாராக இருந்தேன். தனபால் வந்து படியிலேயே நின்றான்.

"அண்ணே, வண்டி இப்ப நல்லா இழுக்குதா, செல்வி தம்பி வூட்டுக்காரங்களும் வரோம்னு சொல்லிட்டாங்க. புருசன் பொண்டாட்டி, ஒரு கொழந்த. குறிஞ்சிப்பாடில ஏத்திக்கணும். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ணே."

"அதுக்கென்னப்பா, போய்ட்டு வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? இழுவை கூடினால் ஆள் கூடும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஸ்பேனர் பிடித்துச் செய்திருந்தேன். கார் கிளம்பியது. தகடு இல்லாத சைலென்சர் அல்லவா, பிளாக்கைத் தாண்டி, டவுன்ஷிப் எல்லையில் இருக்கும் ஆர்ச் கேட் வரைக்கும் அது போவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தேய்த்த சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அடுத்த வாட்டியும் தம்பி குடும்பம்தான் போனது. அதற்கடுத்த வாட்டியும். மீனா மட்டும் வேலியோரம் வந்து, "பெரியப்பா, நீ ஏன் வரல?" என்று கேட்பாள். முட்டிவலி என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் கார் அப்படியே ஓடியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். காப்பாற்றியது என் முட்டாள்தனம். நான் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த வேலை என்ன தெரியுமா? டம்பர் லாரிகளின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்றடித்து, சாம்பலையும் கரித்தூளையும் உதிர்த்து மாட்டுவது. தினமும் அதுதான். வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் கரிப்பொடியோடு எடுக்கிற ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு, காரின் ஃபில்டரைக் கழற்றிச் சமையற்கட்டில் வைத்திருக்கிறேன் பாருங்கள். கார் மாதக்கணக்கில் சாம்பலைத் தின்றிருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, கொசு மருந்து வண்டிபோலப் புகைவிட ஆரம்பித்தது. இழுவை, பழைய இழுவைகூட இல்லை. தம்பி குடும்பம் இரண்டு தடவை புகையில் இருமிவிட்டு, "நாங்க பஸ்லயே வந்துக்கிறோம்" என்று கழன்றுகொண்டது.

தனபால் மறுபடி என் படியில் வந்து நின்றான். "வாங்கண்ணே. நீங்க இல்லாம பசங்க மூஞ்சிய தூக்கி வச்சிகினு இருக்குதுங்க."

இப்போது பாலத்தில் நான் ஒருவன் இறங்கினால் போதவில்லை. குழந்தைகளும் இறங்க வேண்டியிருந்தது. ஒரு கை மீனாவுக்கு, ஒரு கை சுதாவுக்கு. சுதா பாதியில் தூக்கச் சொல்லுவாள். மழைக்காலம் முடிவதற்குள் செல்வியும் இறங்கிவிட்டாள். தனபால் மட்டும் புகைக்குள்ளே தனியாக ஏறிப்போவான், நாங்கள் நாலு பேரும் பின்னால் நடப்போம். உச்சியில் நின்று ரயில் வருகிறதா என்று பார்ப்போம். சரக்கு ரயில் வந்தால் மீனா பெட்டியை எண்ணுவாள், பாதியில் தப்பிவிடும், எண்ணிக்கை சரிதான் என்று நான் சாதிப்பேன். செல்வி சிரிப்பாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குடும்பம் நடந்து போவதாகத்தான் தெரிந்திருக்கும். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மேட்டில்தான்.

"ரிங் மாத்திட்டா சரியாயிடுமாண்ணே?" என்று தனபால் ஒரு தடவை கேட்டான்.

"பார்க்கலாம்" என்றேன்.

நான் பார்க்கவில்லை, அவன் வேறு வழி பார்த்தான். அந்தக் காரைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, லோன் போட்டுப் புதுக்கார் வாங்கினான். அதில் இரண்டு தடவை போயிருக்கிறேன், முன்சீட்டில், மரியாதையாக. பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அப்புறம் குழந்தைகளுக்கு டியூஷன் வந்தது, காலேஜ் வந்தது. தனபால் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சென்னையில் சுதா வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே யார் வீடும் யாருக்கும் சொந்தமில்லை, வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவனுக்கு முன்பே நானும் கொடுத்திருந்தேன். தனபால் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. செல்வி சுதாவோடுதான் இருக்கிறாள், ஆனால் மறதி அதிகமாகி, இப்போது ஆளே தெரிவதில்லையாம்.

போன மாதம் மீனா போன் செய்தாள். புருஷனோடும் பிள்ளைகளோடும் கும்பகோணம் போய்க்கொண்டிருந்தாள். "பெரியப்பா, நெய்வேலிய தாண்டிட்டோம். வரும்போது டைம் இருந்தா எட்டிப் பாக்கறேன். ரோடு சூப்பரா போட்டிருக்காங்க."

சாப்பிட்டாயா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். அப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, நாம கடலூர் போறப்ப ஒரு மேம்பாலத்துல எறங்கி நடப்போமே, ஞாபகம் இருக்கா?"

பின்னால் அவள் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த மேம்பாலம் பெரியப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. பாத்துப் போங்க" என்றேன்.