பால் குடித்த இரும்படுப்பு

விறகடுப்பு விற்கிற கடையில் கூட்டித் துடைக்கிற வேலை எப்படியென்றால், நேற்று அள்ளிக் கொட்டிய சாம்பல் இன்றைக்கும் வந்து சுகம் விசாரிக்கும். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் வீடு வீடாகத் துடைக்கப் போகிற அக்காமாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வெளியில் வெயில் எரிக்கும், மாரி வந்தால் வீட்டுக்குள் பளிங்குத் தரை குளிர்ந்து காலைக் கடிக்கும். அதனால்தான் இந்த ஊரிலும் அடுப்புக் கடை. சமைக்கிற அடுப்பில்லை, வீட்டைச் சூடாக்குகிற, கண்ணாடிக் கதவு வைத்த இரும்படுப்பு. எனக்குக் கதைக்க வெட்கம். பார்க்க வெட்கமில்லை. அதனால் நிறையப் பார்த்தேன்.

முதல் நெருப்பு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீடுகளுக்குப் போய் குழாய் பொருத்தி அடுப்புப் பூட்டுகிற சிஞ்ஞோர் நீனோ ஐயா, கடையில் இருந்த ஆகச் சின்ன அடுப்பை என்னை மூட்டச் சொன்னார். பெரிய கட்டை கீழே, சுள்ளி மேலே, உச்சியில் கொளுத்து என்றார். மனுசன் தலைகீழாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். நெருப்பு மேலே ஏறித்தான் நான் கண்டிருக்கிறேன். இது படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கி வந்தது. ஊதவும் இல்லை, கண் எரியவும் இல்லை. கோயிலில் சூரன் தலை விழுகிறதைப் பார்க்கிற பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் இரும்பின் வெளிப்பக்கத்தில் இருந்தே புகை வந்தது. கெட்ட மணம். அடுப்பையே எரித்துப்போட்டேன், வேலை போச்சு என்று துடைக்கிற தண்ணி வாளியைத் தூக்கினேன். நீனோ ஓடிவந்து வாளியைப் பிடித்தார். "விடு பிள்ளை, புதுப் பெயின்ட் வேகுது! முதல் நாளெண்டால் இரும்புக்கும் பதட்டம், உனக்கும் பதட்டம்."

பெரிசு வேணும்

கடற்கரைப் பக்கத்து மொண்டெல்லோவில் இருந்து ஒரு சிஞ்ஞோரா அம்மா புருசனோடு வந்தா. சின்ன அறைதான், ஆனால் ஆகப் பெரிய அடுப்பு வேணும் என்று நின்றா. பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து எரிக்க வேண்டி வரும், கண்ணாடி கறுத்து, குழாயில் கரி படியும் என்று முதலாளி பொறுமையாகச் சொன்னார். சின்னது நல்லாக எரிய வேணும், அதுதான் கணக்காம். சிஞ்ஞோரா அசையவில்லை. அவவின் தோளளவு உயரமான புருசன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ வாழ்க்கையிலை சின்னதாய்ப் பார்த்து எடுத்தது என்னை மட்டும்தான்."

தென்காற்று

ஒருநாள் ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று வீசியது. அப்படி வீசினால் புகைபோக்கி இழுக்காது, புகை திரும்பி வீட்டுக்குள் வரும். அதற்கு முதல் நாள்தான் அடுப்பு வாங்கிப் பூட்டிய ஒருவர் மூக்கெல்லாம் கரியோடு கடைக்குள் வந்து கத்தினார். இந்த வெக்கைக்குள் யார் அடுப்பு மூட்டச் சொன்னது என்று நீனோ கேட்டார். "மாமியார் பார்க்க வந்திட்டா, மூட்டாமல் என்ன செய்யிறது?"

கேட்ட நாள்

நாங்கள் இருக்கிறது பலெர்மோ ஓரத்துச் சியாகுல்லியில், என் புருசன் வேலை செய்கிற மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் ஒரு பழைய வீடு. மாரி வந்தால் சுவர் வேர்த்துக் கறுக்கும். இரண்டு வயது மகள் ஆதிராவுக்கு நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி இரையும். சுவர் காயாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பிரயோசனமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டா. வெட்டிக் காய்ந்த மாண்டரின் கொப்பு தோட்டத்தில் குவிந்து கிடக்கு. பாவிக்காத புகைபோக்கி ஒன்றும் வீட்டில் இருக்கு. இல்லாதது அடுப்பு.

நான் முதல் மூட்டிய அந்தச் சின்ன அடுப்பு, ஏற்றி இறக்கேக்கை ஓரம் உடைந்து, வாங்க ஆளில்லாமல் மூலையில் நின்றது. அதை மட்டும் நாளும் இரண்டு தரம் துடைப்பேன். அது மட்டும் ஏன் இப்படி மினுங்குது என்று ஒருநாள் முதலாளி கேட்டார். சுவரைப் பற்றியும் பிள்ளையின் நெஞ்சைப் பற்றியும் தட்டுத்தடுமாறிச் சொல்லி, அந்த அடுப்பைக் கேட்டேன். அந்தக் கடையில் நான் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கொண்டு போ. ஆனால் நீனோ வந்து பார்த்து, புகைபோக்கி இழுக்கேல்லை எண்டால் அடுப்பு அண்டைக்கே திரும்பி வரும். பிள்ளை இருக்கிற வீடு, விளையாட்டில்லை."

எங்கள் வீட்டில்

நீனோ புகைபோக்கியைத் துப்புரவாக்கி, குழாய் பூட்டி, அடுப்பை மூட்டினார். மேலே புகை ஒழுங்காகப் போகுதோ என்று பார்க்கக் கூரைக்கு ஏறினார். அந்த நேரம் பார்த்து என் புருசன் பால் சட்டியைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் புது அடுப்பு, பால் பொங்காமல் எப்படி? மேல்தட்டில் வைத்தோம். அது பொங்குகிறதாகக் காணவில்லை. ஆதிரா அடுப்புக்குக் கிட்டப் போக, இரண்டு பேரும் அவளைப் பிடிக்கத் திரும்பினோம். சர்ரென்று பால் பொங்கிக் கண்ணாடியில் வழிந்தோடி, அறை முழுக்க வெள்ளைப் புகை.

எங்கள் சத்தம் கேட்டு நீனோ கூரையால் தடதடவென்று இறங்கி வந்தார். "யன்னலைத் திற! பிள்ளையை வெளியிலை கொண்டு போ! இது இழுக்கேல்லை!" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அடுப்பு அண்டைக்கே திரும்பிப் போகப்போகுது என்று நினைத்தேன். அது பால் கருகின புகை என்று சொல்ல வாயில் ஒரு இத்தாலிச் சொல்லும் வரவில்லை. இவர் பால் சட்டியைத் தூக்கிக் காட்டினார். நீனோ சட்டியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து கதவைக் கொஞ்சம் நீக்கி, லைட்டரைப் பிடித்தார். அந்தச் சின்னச் சுவாலை, ஆரோ உள்ளேயிருந்து கூப்பிட்ட மாதிரி அடுப்புக்குள் சாய்ந்தது. புகைபோக்கி இழுக்குது! நெருப்பு மூச்சு எடுக்கிறதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மிஞ்சின பாலுக்குச் சீனி போட்டுக் கொடுத்தோம். நீனோ குடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சொன்னார்: "இவ்வளவு காலமாய் அடுப்புப் பூட்டுறன். எங்கடை ஆக்கள் புது அடுப்பைத் திட்டுவினம். பால் பருக்கினதை இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

மாரி முடிய முன்னமே சுவர் காய்ந்து கறுப்பு உதிர்ந்தது, ஆதிராவின் நெஞ்சுப் பூனைக்குட்டியும் எழும்பிப் போய்விட்டது, கடையில் அத்தனை அடுப்பையும் மினுக்குகிற நான் வீட்டு அடுப்பின் கண்ணாடியில் அந்தப் பால் கறையை மட்டும் இன்னும் துடைக்கவில்லை.