இரண்டு நிமிடப் பூட்டு

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடந்தது என் எதிர் மேசைக்காரி நெவேனாவுக்கு. எங்கள் ஊர் கப்ரோவோவில், கணக்கு அலுவலகத்தில், போன ஜனவரியில்.

எங்களிடம் ஒரு வழக்கம். கணினியைத் திறந்தபடி போட்டுவிட்டுக் காபிக்குப் போனால் தொலைந்தீர்கள். யாராவது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பெயரிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டிவிடுவார்: "நாளைக்கு என் செலவில் எல்லாருக்கும் பனிட்ஸா!" சீஸ் அடைத்த அந்தப் பலகாரத்தை மறுநாள் சுடச்சுட வாங்கி வந்தே ஆக வேண்டும். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊரில் இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? நெவேனா ஒரே மாதத்தில் மூன்று முறை மாட்டினாள். மூன்று முறையும் மாட்டிவிட்டவன் ஸ்டோயன்.

அந்த வெள்ளிக்கிழமை, கணினி பார்க்கும் கிரிலைப் பிடித்தாள்.

"நான் மறந்தாலும் அதுவா பூட்டிக்கிற மாதிரி பண்ணிக் குடு. அந்தத் தடியன் மூஞ்சில கரியைப் பூசணும்."

"ரெண்டு நிமிஷம் வச்சிருக்கேன் அக்கா. யாரும் தொடலேன்னா தானா பூட்டிக்கும். பாஸ்வேர்டை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மூன்று மணிக்கே பனி கொட்ட ஆரம்பித்தது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம். நெவேனா மட்டும் இருந்தாள். அவள் தம்பி ஆசென் லாரி ஓட்டுகிறவன். ஷிப்கா கணவாய் வழியாக வந்துகொண்டிருந்தான். வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

கொட்டிய பனியில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. காபி எடுக்க நடைவழிக்குப் போனாள். அந்த இயந்திரம் முக்கி முனகிக் கோப்பையை நிரப்பப் பத்து நிமிடமாவது ஆகும். திரும்பி வந்தால்... திரை பூட்டியிருக்கவில்லை.

எல்லோருக்குமாக ஒரு மின்னஞ்சல். இன்னும் அனுப்பவில்லை. ஒரே ஒரு வார்த்தை.

குளிருது.

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. "டேய் ஸ்டோயன்! வெளியே வாடா! உன் பருப்பு இனிமே இங்க வேகாது!"

மேசைகளுக்கு அடியில் குனிந்து தேடினாள்; யாரும் இல்லை. மின்னஞ்சலை அழித்தாள். தன் கையாலேயே பூட்டினாள். அவனுக்குப் போன் போட்டாள்.

"எங்கடா ஒளிஞ்சிருக்கே?"

"வீட்ல சூப் குடிச்சிட்டிருக்கேன். ஏன், பனிட்ஸா கனவுல வருதா?"

பின்னால் அவன் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அவன் பொய் சொல்லவில்லை.

அப்போது...

டக்.

விசைப்பலகை. பக்கத்தில் யாரும் இல்லை. பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. டக்... இன்னொன்று. மெதுவாக. விறைத்துப்போன விரலால் தட்டுவது மாதிரி. திரை திறந்துகொண்டது.

கதவு திறக்கல.

கோப்பை கையிலிருந்து நழுவியது. பாய்ந்து போய்ப் பூட்டினாள். டக்... டக்... மறுபடி திறந்தது. மறுபடி பூட்டினாள். மறுபடி திறந்தது.

ஓடலாம்தான். ஓடிவிட்டால் ஆசென் வந்து எங்கே தேடுவான்? அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது... எடுக்கவில்லை. கிரிலைக் கூப்பிட்டாள்.

"கிரில்... பூட்ட மாட்டேங்குதுடா..."

"இருங்க, இங்கிருந்தே பாக்குறேன்." வீட்டிலிருந்தே அவள் கணினிக்குள் நுழைந்து பார்த்தான். "இப்ப நீங்கதானே தட்டிட்டிருக்கீங்க?"

"நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன்!"

"விளையாடாதீங்க அக்கா. யாரோ தொட்டுக்கிட்டே இருக்காங்க. அப்புறம் எப்படிப் பூட்டும்?"

இணைப்பு அறுந்தது.

டக்... டக்...

பூட்டாதே.

அலறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பூட்டினாள். நான்காவது முறை.

டக்.

...டக்.

.....டக்.

திறந்துவிட்டது. அவள் மறுபடி பூட்டவில்லை. ஜன்னலடியில் குந்திவிட்டாள்.

எழுத்து எதுவும் விழவில்லை. அம்புக்குறி மட்டும் அசைந்தது. துளித் துளியாக.

நின்றது.

ஒரு நிமிடம்... இன்னொரு நிமிடம்...

திரை தானாக அணைந்தது. பூட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி 4:52.

"அப்பாடா... கடவுளே..." சிலுவை போட்டுக்கொண்டு, சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆசென் வரவில்லை. போலீஸ்தான் வந்தது.

திங்கட்கிழமை நெவேனா அலுவலகத்துக்கு வந்தாள். இறந்தவருக்காக எங்களூரில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள். ஸ்டோயனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மீட்கப் போனவர்கள் சொன்னதை அவளே எங்களிடம் சொன்னாள்.

லாரி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்ததாம். கதவு நசுங்கித் திறக்கவில்லையாம். அவன் உடனே சாகவில்லை. அவர்கள் கண்ணாடி வழியே பார்த்தபோது கண் மூடியிருந்தது, பேச்சில்லை, ஆனால் வலது கை விரல்கள் மட்டும் முன்னால் இருந்த டாஷ்போர்டுப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தனவாம். நடுநடுவே கொஞ்ச நேரம் நிற்குமாம். பிறகு முதலிலிருந்து தட்டுமாம்.

கதவை அறுத்து எடுப்பதற்குள், 4:50க்கு, அந்த விரல்கள் நின்றுவிட்டன.