அத்திமரமும் வீட்டுக்கார பாயும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. குடியிருப்பது மாடியில், வாடகைக்கு. ஒரு கைப்பிடி மண்கூடச் சொந்தமில்லாதவனுக்கு மரம் வளர்க்கும் ஆசை வந்தால் போன்சாய்தான் வழி. முதலாளியின் மேஜைமேல், பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில், ஒரு முழு ஆலமரம் நின்றதைப் பார்த்த அன்று பிடித்த பைத்தியம் இது.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வேப்பங்கன்றைக் கம்பி சுற்றி வளைத்தேன், முறிந்தது. புளியங்கன்றின் வேரைக் கத்தரித்தேன், வாடியது. கூட வேலை செய்தவர் ஒருவர் தோல் சீவிய தூள் நல்ல உரம் என்றார், மாதுளை கருகியது.

"ஆடு மேய்ஞ்சிருந்தா கூட எதுனா மிஞ்சியிருக்கும்" என்றாள் மனைவி.

பிறகு சுவர் இடுக்கிலிருந்து பிடுங்கி வந்த ஓர் அத்திக்கன்று பிழைத்தது. என் திறமை இல்லை, அதன் பிடிவாதம். மனைவிக்குச் சீராக வந்த பீங்கான் தட்டில் ஓட்டை போட்டு அதை நட்டேன். தட்டுக்காக அவள் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. வருடக்கணக்கில் இலை கிள்ளி, வேர் வெட்டி, மோட்டார் காயில் கம்பியால் கிளைகளைத் திருப்பி, ஒரு முழ உயரத்தில் அதைக் கிழட்டு மரமாகவே ஆக்கிவிட்டேன். எங்கள் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, கோவைக்குப் போனாள். அத்தி வளரவே இல்லை. எனக்கு இரண்டிலும் பெருமை.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பியபோது தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார பாயிடம் விட்டேன். தோல் வியாபாரத்தை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்.

"நீ நிம்மதியா போய்ட்டு வா. அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மாடியில் தட்டு மட்டும் பளிச்சென்று கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது.

"மரம் எங்க பாய்?"

"கீழ வந்து பாரு."

வீட்டுக்குப் பின்னால், செப்டிக் டேங்க் பக்கத்தில், செங்கல் பாத்தி கட்டி நட்டிருந்தார். அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது.

"எத்தினி வருஷமா தட்டுல நிக்குது, பாவம். எடம் இல்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என் தோட்டம் இன்னா, உன் தோட்டம் இன்னா?"

"அது குட்டையா இருக்கணும்னுதான் பாய் நான் பாடுபட்டேன்."

"குட்டையா இருக்கறதுக்கா?"

"ஆமா பாய்."

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து மனைவி சிரித்த சிரிப்புதான் தாங்கவில்லை.

திரும்பத் தோண்டி எடுக்கலாம் என்றால், பாய் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரோடு அங்கே நின்றார். கடையில் உலர்த்தி விற்கும் சீமை அத்தியான அஞ்சீர் பழுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். இது நாட்டு அத்தி என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை. மரம் மாடியைத் தாண்டிய பிறகு ஒருவழியாகக் காய்த்தது. முதல் பழத்தைத் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்திப் பிட்டார். உள்ளிருந்து பூச்சிகள் பறந்தன. அப்புறம் வௌவால் வந்தது. அப்புறம் வேர் புகுந்து செப்டிக் டேங்க் விரிசல் விட்டது.

பாய் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இத கொஞ்சம் கம்மி பண்ணு. ஒனக்குதான் அந்த வித்த தெரியுமே."

"வெட்டிடலாம் பாய்."

"வெட்டறதா? நான் வளத்த மரம்ப்பா."

ஆகவே பக்கத்து வீட்டு சன்ஷேடில் நின்று, தட்டில் செய்ததையெல்லாம் ஏணி போட்டுச் செய்தேன். கொத்தனார் செப்டிக் டேங்கைத் தள்ளிக் கட்டினார். மழைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை இன்றும் கத்தரிக்கிறேன். கீழே நின்று பாய் உத்தரவு போடுவார்: "அந்தக் கெளைய வுடு, அதுல காக்கா இருக்குது." நிஜமாகச் சொன்னால், எந்தக் கிளை எங்கே போக ஆசைப்படும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். சின்ன மரம் பயத்தில் சொன்னதைக் கேட்கும். பெரிய மரம் கேட்பதில்லை.

இப்போது மாடியில், அதே பீங்கான் தட்டில், ஆல் வகையைச் சேர்ந்த ஓர் இச்சி மரம் இருக்கிறது. ஊருக்குப் போனால் அதை யாரிடமும் விடுவதில்லை. போன மாதம் கோவைக்கு மடியில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

"இன்னா சார், செடியா?" என்றார் கண்டக்டர்.

"மரம்" என்றேன்.

"மரம்னா லக்கேஜ் போடணும் சார்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சந்தோஷமாகக் காசை எடுத்துக் கொடுத்தேன்.