நூற்றுப் பதினான்காவது நாய்

மாலை நாலரை மணி ஆகிவிட்டால் சுந்தரவல்லியின் கால்கள் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் மூன்றாவது மாடியில், கடிதங்கள் பதிவு செய்யும் பிரிவில் அவளுக்கு வேலை. ஐந்தரைக்குத்தான் விடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் உடம்புதான் நாற்காலியில் இருக்கும். மனசு யமுனைப் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கும். இன்றைக்குத் தண்ணீர் வண்டி வந்ததா? ராம்வதி அந்தக் கறுப்புக் குட்டிக்கு மருந்து கொடுத்தாளா? சுவருக்கு மேலாக யாராவது எதையாவது வீசிவிட்டுப் போனார்களா?

அவளுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பரீட்சை எழுதி வேலை கிடைத்து, எழுபத்தொன்பதில் டெல்லிக்கு வந்தாள். கணவர் தட்சிணாமூர்த்தியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். தபால் இலாகாவில் இருந்தார். மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்க வீடு, கல்லூரிக்குப் போகும் மகள் மாலா என்று குறையில்லாத குடும்பம். நாய் பூனை மேல் அவளுக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் இருந்ததில்லை. பிறந்த வீட்டில் நாய் வளர்த்ததே கிடையாது.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் காலை, மயூர் விஹார் பஸ் ஸ்டாப்பில், அவள் ஏற வேண்டிய பஸ் ஒரு நாயின் பின்னங்காலில் ஏறிவிட்டுப் போனது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். அவளும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். பிறகு ஏன் இறங்கினோம் என்று அவளுக்கே தெரியாது. வழியில் போன ஒரு பெண்ணிடம் துப்பட்டா கடன் கேட்டு, நாயைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு அலுவலகத்துக்கு லீவு. அந்த நாய் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளுக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

அடிபட்ட நாய்களை எடுத்து வரத் தொடங்கி, நாலு வருஷத்தில், பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஓரமாக, முன்பு எருமைகள் கட்டியிருந்த ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். மேலே தகரம், சுற்றிலும் ஆள் உயரச் சுவர், நடுவில் ஒரு வேப்பமரம். நாற்பது நாய்களுக்குத்தான் இடம். இரண்டாயிரத்து மூன்று ஜூன் மாதம் அங்கே நூற்றுப் பதிமூன்று நாய்கள் இருந்தன. போதாததற்குப் பதினோரு பூனைகள், செங்கல் சூளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு நொண்டிக் கோவேறு கழுதை. வேலைக்கு ராம்வதி ஒருத்திதான். உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் பக்கத்துக்காரி. பெரிய பெரிய நாய்களையெல்லாம் இரண்டு கையாலும் கன்றுக்குட்டி மாதிரி தூக்கிவிடுவாள். அலுவலகக் கேண்டீனில் மிஞ்சிய ரொட்டி, கோழிக்கடைக் கழிவு, யாராவது மனசு வந்து கொடுக்கும் ஒரு மூட்டை அரிசி, இதில்தான் ஓடியது.

பிராணிக் காப்பகங்களுக்குப் பண உதவி தரும் அரசு அலுவலகம் ஒன்று இருந்தது. மூன்று முறை விண்ணப்பம் போட்டாள். சிமெண்டுத் தரை இல்லாத காப்பகத்துக்கு உதவி கிடையாது என்று மூன்று முறையும் திரும்பி வந்தது. உதவி இல்லாமல் சிமெண்டுத் தரை எப்படிப் போடுவது? கோப்பு எப்படி நகரும், எப்படி நகராது என்று இருபத்து நாலு வருஷமாகப் பார்த்தவளுக்கு அதைப் படித்துச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

வீட்டில் தட்சிணாமூர்த்தி சண்டை போடுகிறவர் இல்லை. ஆனால் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னார்.

"வல்லி, நீ சோறு தின்னும்போதுகூட நின்னுக்கிட்டேதான் திங்கே. எப்ப பாத்தாலும் எங்கயோ கிளம்புத மாதிரியே இருக்கு."

"உக்காந்தா எல்லாம் கிடப்புல கிடந்துரும்லா," என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஜூன் மாதத்தில்தான் சேஷன் வந்தார். அதே குடியிருப்பில் அடுத்த பிளாக். சென்னைக்கு மாற்றல் ஆகியிருந்தது. கூடவே மனைவி மாதங்கி, ஒன்பது வயது மகள் வைஷ்ணவி. வைஷ்ணவியின் கையில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். பெயர் ரூயி. இந்தியில் பஞ்சு என்று அர்த்தம்.

"செவ்வாக்கிழமை கிளம்பறோம் மேடம். அங்க என் தம்பி ஆத்துலதான் தங்கணும். அவனுக்கு நாயே ஆகாது. நீங்கதான் ஏதாவது பண்ணணும்," என்றார் சேஷன்.

"இடமே இல்ல சார். ஒரு நாள் வந்து பாருங்க. நிக்கதுக்கு இடமில்ல. தெரு நாய்க்கும் இந்த நாய்க்கும் ஒத்துப்போகாது."

"தெரியும் மேடம். நாலு பேர்கிட்ட கேட்டாச்சு. யாரும் எடுத்துக்கல."

முடியாது என்று மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பெண் ரூயியின் காதுக்குள் இந்தியில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூட மறுத்திருப்பாள். சுந்தரவல்லி கையை நீட்டிவிட்டாள்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தட்சிணாமூர்த்திக்கு மூச்சிரைப்பு. காப்பகத்தில் தனியாக இருந்த ஒரே அறையில் காய்ச்சல் கண்ட குட்டிகள். அதனால் கிழட்டு நாய்கள் படுத்திருக்கும் மூலையில், பலகையால் தடுத்து, ரூயிக்கு இடம் செய்தாள். பலகை உறுதியாக இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆணியடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. தெருமுனைப் பொதுத் தொலைபேசியிலிருந்து ராம்வதி.

"மேடம்ஜி, ஜல்தி ஆயியே," என்று உடனே வரச் சொன்னாள். காரணம் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள். பஸ் பாலத்தின் மேல் நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. அவள் உட்காரும் இடம் கிடைத்தும் உட்காராமல் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் இரண்டு தடவை உள்ளே போகச் சொன்னான்.

காலையிலிருந்தே தண்ணீர் வண்டி வரவில்லையாம். வெயிலில் நாய்கள் எல்லாம் வேப்பமரத்தடிக்கு முண்டியடித்திருக்கின்றன. ராம்வதி சோற்று வாளியோடு உள்ளே வந்ததும் கிளம்பிய தள்ளுமுள்ளில் பலகை சாய்ந்துவிட்டது. ரூயி அந்தப் பக்கம், மற்ற நாய்களுக்கு நடுவில் விழுந்தது. ராம்வதி வாளியை வீசிவிட்டு நடுவில் பாய்ந்திருக்கிறாள். அவள் முழங்கையில் இரண்டு இடத்தில் பல் பதிந்திருந்தது. ஆனாலும் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றாள். எல்லாம் முடிந்துவிட்டது.

அழுக்குத் துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். சுந்தரவல்லி துணியை விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் அந்தப் பெண் கட்டிய சிவப்புப் பட்டை அப்படியே இருந்தது. கடித்த நாய்களோ ஒன்றும் நடக்காதது போல அவளைச் சுற்றி வாலாட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் மேல் கோபம் வரவில்லை. எந்த நாய் கடித்தது என்று கேட்கவும் இல்லை. ராம்வதியை ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து போன். வைஷ்ணவி.

"ஆண்ட்டி, ரூயி சாப்பிடறாளா?"

சுந்தரவல்லி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சாப்பிடுதும்மா."

"தூங்கறச்சே ரேடியோ போடணும் ஆண்ட்டி. இல்லேன்னா பயப்படுவா."

"போடுதேன்."

அடுத்த ஞாயிறும் அந்தப் பெண் கூப்பிட்டது. இவளும் பொய் சொன்னாள். இந்த முறை பொய் நன்றாகவே வந்தது. ரூயிக்கு ஒரு சினேகிதி கிடைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் முன்னும் பின்னுமாக நடந்தாள். மாலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, போதும். எனக்குத் தலை சுத்தறது," என்றாள்.

சனிக்கிழமைதோறும் ஜ்யோத்ஸ்னா வருவாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர், முப்பது வயதிருக்கும். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் அவளுடைய தமிழ் நாலு வார்த்தைக்கு ஒருதரம் இந்திக்குப் போய்த் திரும்பும். காப்பகத்துக்கு வருவதற்கு எதுவும் வாங்கமாட்டாள். அந்தச் சனிக்கிழமை ஊசி எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் துணியில் துடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஆதா, பாதி நாய்க்கு ஒரு பீமாரியும் இல்ல, சீக்கே இல்ல. கால் சரியாப் போயாச்சு, ஆபரேஷனும் ஆயாச்சு. அப்புறம் ஏன் இங்க இருக்கு?"

"ரோட்டுல விட்டா வண்டியில அடிபடும்லா."

"இங்க?"

சுந்தரவல்லி காலி மருந்துச் சீசாக்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"நீங்க எல்லாத்தையும் உள்ள எடுக்கறீங்க. ஒண்ணையும் வெளிய விட மாட்டேங்கறீங்க. இது அஸ்பதால் மாதிரி இருக்கணும் ஆண்ட்டி. ஜெயில் மாதிரி ஆயிடுத்து."

சுந்தரவல்லிக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்கென்ன, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துட்டுப் போயிருவ," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஜ்யோத்ஸ்னா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் சென்னைக்குச் சுந்தரவல்லியே போன் செய்தாள். மாதங்கி எடுத்தாள். நடந்ததை, பலகை உறுதியில்லை என்று தனக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்து, நிறுத்தாமல் சொன்னாள்.

"இத்தனை நாள் அவகிட்ட சாப்பிடறது, தூங்கறதுன்னு சொன்னேளே," என்றாள் மாதங்கி.

"தப்புதாம்மா."

"நான் சொல்லிக்கறேன்." போன் வைக்கப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறமும் இல்லை.

ஒவ்வொரு நாயும் எந்தத் தேதியில், எந்த இடத்திலிருந்து வந்தது என்று சுந்தரவல்லி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அலுவலகப் பழக்கம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஜ்யோத்ஸ்னாவின் ஆஸ்பத்திரிக்கே போனாள். "எதெல்லாம் வெளிய போலாம்னு நீயே குறிச்சுக் குடும்மா," என்றாள். ஜ்யோத்ஸ்னா ஐம்பத்தாறு பெயர்களுக்கு நேராகக் குறி போட்டாள். பழைய பேச்சைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

ராம்வதியின் புருஷனிடம் ஒரு டெம்போ இருந்தது. ஞாயிறு ஞாயிறாக, நாலும் ஐந்துமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலில் போனது ஒரு செவலை நாய். தம்பி என்று அவள் பெயர் வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லக்ஷ்மி நகர் சந்தில் அடிபட்டுக் கிடந்தது. டெம்போ சந்துக்குள் திரும்பியதுமே அது எழுந்து நின்று முனக ஆரம்பித்துவிட்டது. டீக்கடைக்காரன் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அரே ராஜா! தூ ஜிந்தா ஹை?"

நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் நாய் அவன் மார்பு வரை தாவியது. எதிர் வீட்டுப் பெண்மணி மாடியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இறங்கி வந்தாள். தெரு முழுக்க அதைத் தேடினார்களாம். செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்களாம். சுந்தரவல்லி டெம்போவின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாகத் தன்னை விட்டால் அதற்கு யாருமில்லை என்று நம்பியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கூச்சமாக இருந்தது.

எல்லாம் இப்படியே போய்விடவில்லை. காளி என்ற கறுப்பு நாய் வந்த இடத்தில் இப்போது மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இறக்கிவிட்டதும் அது நாலு பக்கமும் மோந்து பார்த்துவிட்டு, கிளம்பிய டெம்போவுக்குப் பின்னால் ஓடி வந்தது. சிக்னல் வரைக்கும் பார்த்தாள். "ரோக்கோ, ரோக்கோ!" என்று கத்தி, வண்டியை நிறுத்தச் செய்து, இறங்கி, அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு திரும்பினாள். வேறொரு நாய், விட்டுவந்த பத்தாம் நாள் லாரியில் அடிபட்டுச் செத்தது. செய்தி வந்த அன்று தட்சிணாமூர்த்தியிடம், "இனிமே ஒண்ணையும் விடமாட்டேன்," என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வெள்ளை நாய் உள்ளதான இருந்துச்சு," என்றார். குத்திக்காட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் மறுபடி கிளம்பினாள்.

தீபாவளிக்குள் அறுபத்திரண்டு நாய்கள் மிஞ்சின. குருடு, கிழடு, கால் இல்லாதவை, போக இடம் இல்லாதவை. நாற்பதுக்கு அது இன்னும் அதிகம்தான். ஆனால் எல்லா நாய்களுக்கும் தட்டுகள் போதுமானவையாக இருந்தன. ராம்வதி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டிச் சோறு போட்டாள். வைஷ்ணவியின் பெயரைச் சுந்தரவல்லி யாரிடமும் எடுப்பதில்லை. சிறுவர் குரலில் யாராவது போனில் தவறான எண்ணைக் கேட்டால் மட்டும் அன்று முழுதும் அவளுக்கு வேலை ஓடாது.

ஜனவரியில், பனி இறங்கிய ஒரு காலை, காப்பக வாசலில் ஒரு காய்கறி வியாபாரி கோணிப்பையோடு நின்றிருந்தான். உள்ளே ஒரு நாயும் நாலு குட்டிகளும். சந்தையில் தன் கடைக்கு அடியில் குட்டி போட்டதாகவும், குளிரில் செத்துவிடும் என்றும், மேடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கெஞ்சினான்.

"இடம் இல்லய்யா," என்றாள்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவைச் சாத்தவும் முடியவில்லை. கை தாழ்ப்பாளுக்கும் கோணிக்கும் நடுவில் தவித்தது. சட்டென்று உள்ளே போய் மருந்துப் பையையும், பழைய கம்பளி ஒன்றையும், காலி மரப்பெட்டி ஒன்றையும் எடுத்து வந்தாள்.

"உங்க கடை எங்க இருக்கு? வாங்க, நானும் வாறேன்," என்று முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும் சொன்னாள். "ஊசி எல்லாம் நான் போட்டுத் தாறேன். பெட்டியைக் கடைக்கு அடியில வைக்கலாம். ஆனா, சோறு போடுதது நீங்க."

அவன் யோசித்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கோணியைத் தூக்கிக்கொண்டான். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. அவள் அவனுக்கு இரண்டடி முன்னால், பனிக்குள், சந்தைப் பக்கம் வேகமாக நடந்தாள்.