இடது பக்கத்து வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டாம். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கிற பொடி எழுத்தை எனக்கு அவர்தான் வாசித்துச் சொல்வார். அதே மனிதர் பட்டப்பகலில் தண்ணீர்க் குடத்தில் காலை இடித்துக்கொண்டு, "வழியில வைக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று என்னை ஏசுவார். நானும் விடமாட்டேன், பதிலுக்கு ஏசுவேன். ஆனால் குடம் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்குக் கண் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் இருட்டினால் தெரியாது என்றார், பிறகு பக்கத்தில் வருகிற ஆள் தெரியவில்லை என்றார், கடைசியில் எதிரே நிற்கிற ஆளும் தெரியாமல் போய்விட்டார். இப்போது மேலநீலிதநல்லூரில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செருப்புச் சத்தத்தை வைத்து வருகிறவர் யாரென்று சொல்கிறார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இவர் காரில் ஏறிய உடனே, "அண்ணனுக்கு சுகரு. எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது" என்பார். நான் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டேன்.

குருவிகுளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். காரில்தான் போய் வருவார். மாலை வகுப்பு வைத்தால் வீடு வர இருட்டிவிடும். அந்த நாட்களில் நான் உலையை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். ஹாரன் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சே வரும்.

திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு வரும்போது அது நடந்தது. அப்போதுதான் இருட்டியிருந்தது. ரோட்டின் இடது ஓரத்தில் ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். கார் ஒதுங்கவே இல்லை. கிட்டே போன பிறகுதான், "ஆளு! ஏங்க, ஆளு!" என்று கத்தினேன். அவர் வண்டியை வலது பக்கம் ஒடித்தார். புல்லுக்கட்டு என் பக்கத்துக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பின்னாலிருந்து அந்த மனிதர் ஏசிய ஏச்சு முழுவதும் கேட்டது. உயிரோடிருந்து ஏசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்சத் தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். "இதெல்லாம் ஒரு லைட்டா? சீக்காளி மூஞ்சி மாதிரி மஞ்சளா எரியுது. இத வச்சிக்கிட்டு மனுசன் எப்படி ஓட்டுவான்?" என்றார்.

"திருநெல்வேலில போயி கண்ண ஒரு தடவ காட்டிட்டு வருவமே" என்றேன்.

"கண்ணுக்கு என்னட்டி? லைட்ட மாத்துனா எல்லாம் சரியாயிரும்."

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவர் வழக்கம்போல ஊருக்கும் உலகத்துக்கும் ஜெபித்தார். நான் மனசுக்குள் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். ஆண்டவரே, லைட்டாவே இருக்கட்டும்.

புது லைட்டுக்காக அவர் வரவழைத்த பெட்டி வந்தது. உள்ளே பெரிய பளிங்குக்குண்டைப் பாதியாக வெட்டியதுபோல இரண்டு லென்ஸ். பழைய ஹெட்லைட்டைப் பிரித்து, அதன் உள்ளே இதை மாட்டி, மறுபடி ஒட்டிவிட வேண்டுமாம். வெளிச்சம் சிதறாமல் மேலே ஒரு கோடு போட்டு வெட்டியதுபோல விழுமாம். கடையில் கொடுத்துச் செய்யலாமே என்றதற்கு, "வீடியோவப் பாத்தா போதும்" என்று வாயை அடைத்துவிட்டார். மாணவர்களிடம் கைபேசியைத் தொடாதே என்கிற வாத்தியார் ஒரு வாரம் அதிலேயே குடியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் கார் முகமிழந்து நின்றது. பம்பர் ஒரு பக்கம், ஹெட்லைட் ஒரு பக்கம். கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை இளக அதைச் சூடாக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேக் சுடுகிற என் ஓவனில் அதை வைக்கப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையவில்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அதற்குள் மகள் விட்டுப்போன ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சூட்டை அடித்தார். அட்டை கருகுகிற வாடை வந்தது. நான் வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றேன்.

"கரண்டு சாமான்ல தண்ணி ஊத்தினா ரெண்டு பேரும் சேந்து போவோம்" என்றார்.

"தனியாப் போறதுக்கு அது தேவல" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பசை இளகி, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப நெம்ப, கண்ணாடி கழன்று வந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். லென்ஸை உள்ளே வைத்துப் பின்னாலிருந்து நட்டை முடுக்கினார். அந்தச் சின்ன வேலையில் அவர் கை துளி பிசகவில்லை. ஆனால் இரண்டாவது நட்டைத் தேடினார். அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், வெயில் பட்டு மின்னிக்கொண்டு கிடந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை, தரையைத் தடவினார். கை அதைத் தாண்டித் தாண்டிப் போனது. எடுத்துக் கொடுத்தேன். "இங்கனதான் கெடந்துச்சா?" என்றார். அண்ணனும் தன் வீட்டில் இப்படித்தான் தம்ளரைத் தேடுவார்.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் வீடு தெருவைவிட உயரம். காரை ஏற்ற வாசலில் சரிவாகச் சிமெண்டு போட்டிருக்கிறோம். அந்தச் சரிவில் கார் நிற்க, சுவிட்சைப் போட்டார். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "என்னக்கா, திரும்ப விடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுண்ணாம்புக் கயிறு பிடித்ததுபோல ஓடியது.

அவர் உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்தார். "நடுவுல ஜம்முனு இருக்கு. எடது பக்கம்தான் செத்தக் கம்மி, இல்லையா?"

கம்மி இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. "அப்படியா இருக்கு?" என்றேன்.

"சரிவுல நிக்குதுல்லா, அதான். சமமான ரோட்டுல வச்சிப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி, திருவேங்கடம் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில் காரை ஓரங்கட்டினோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஒரு டவுன் பஸ் போனது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இருட்டக் காத்திருந்தோம். பேசினால் அழுதுவிடுவேன் என்று கொண்டைக்கடலைச் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தேன்.

இருட்டியதும் லைட்டைப் போட்டார். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. எனக்குச் சொன்ன வேலை இதுதான்: முன்னால் போய் இடது ஓரத்தில் நின்று, அங்கிருந்து மெல்ல ரோட்டின் நடுவுக்கு நடந்து வர வேண்டும். நான் கண்ணில் பட்டதும் அவர் ஹாரன் அடிப்பார். அதை வைத்து லென்ஸை எவ்வளவு திருப்ப வேண்டுமென்று முடிவு செய்வாராம். கணக்கு வாத்தியார் இல்லையா.

ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு போய் நின்றேன். இடது ஓரத்தில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. சேலைக் கரையிலிருந்த பூ தெரிந்தது. செருப்பில் ஒட்டியிருந்த கரிசல் மண் தெரிந்தது. என் நிழல் பின்னால் காடுவரைக்கும் நீண்டு கிடந்தது. ஹாரன் அடிக்கவில்லை.

அடியுங்கள், அடித்துவிடுங்கள் என்று எனக்குள் கத்திக்கொண்டே நின்றேன். கையை ஆட்டினேன். காரிலிருந்து சத்தமில்லை. ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தேன். நடுரோட்டுக்கு வந்த பிறகுதான் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அப்படிப் பயந்தது அதற்கு முன் கிடையாது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நான் சொல்லல? எடது பக்கம் வெளிச்சமே விழல. நீ இருட்டுலதான நின்ன?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருப்பார். நாளைக்குக் காலையில் சந்தோஷமாகக் காரை எடுப்பார். நாளைக்குச் சாயங்காலம் அந்த ஓரத்தில் யாராவது புல்லுக்கட்டோடு போவார்கள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

"இல்லங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிட்டே போய் மறுபடி சொன்னேன். "வெளிச்சத்துலதான் நின்னேன். கைய ஆட்டுனேன்."

"எப்ப ஆட்டுன?"

அவர் என் முகத்தையே பார்த்தார். நேரே பார்க்கும்போது அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. "இன்னொரு தடவ போயி நில்லுட்டி" என்றார்.

போனேன். அதே இடத்தில் நின்றேன். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை, நடக்கவுமில்லை. கார் அங்கே நின்றது, நான் இங்கே நின்றேன், எங்கள் நடுவில் அத்தனை வெளிச்சம் கிடந்தது. பிறகு அவருடைய குரல் கேட்டது. வகுப்பில் பேசுகிற குரல் இல்லை.

"ஏட்டி, நிக்கியா?"

"இங்கனதான் நிக்கேன். நல்ல வெளிச்சத்துல நிக்கேன்."

காரின் கதவு திறந்தது. அவர் இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைக் கூப்பிடவும் இல்லை, சாவியைத் தரவும் இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பகலில், காலித் தெருவில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏசிக்கொண்டிருந்தால் ஓட்டுவேன். இருட்டியபின் ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது. போய் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வண்டி இரண்டு தடவை அணைந்தது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

மூன்றாவது தடவை நகர்ந்தது. ரோடு தூரத்துக்கு விரிந்து தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு நாய், பிறகு ஒரு மைல்கல், பிறகு தலையில் கூடையோடு ஒரு பெண். எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"லைட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"பகல் மாதிரி இருக்குங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கின.

"அப்ப உனக்குத்தான் மாட்டியிருக்கேன்."